மூன்றாம் கண்ணி

2005 செப்ரெம்பர் 4, ஞாயிறு

மைக்கை முன்னால் வைத்ததும் பூரணத்துக்கு வாயே திறக்கவில்லை. அகதி முகாமில் பத்துப் பெண்களுக்கு நடுவில் குந்தியிருந்து கணீரென்று பாடுகிறவள். அல்பிரட்டின் வீடியோக் கடைப் பின்னறையில், சத்தம் அடங்கச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டிய இடத்தில், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தாள்.

“மிஸ்ஸி, கையில ஒண்டுமில்லாம எப்பிடித் தாலாட்டுறது?” என்றாள்.

அல்பிரட் கமராப் பையை ஒரு துவாயில் சுற்றி அவள் மடியில் வைத்தார். அவள் அதை இரண்டு தட்டுத் தட்டினாள். பாட்டு வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருசமாக நான் மருத்துவிச்சி. வவுனியாவில் வீடு வீடாகவும் முகாம் முகாமாகவும் போய்ப் பிள்ளை நிறுக்கிற எனக்கு வழியில் கிடைத்தவைதான் இந்தப் பாட்டுகள். தாலாட்டு, நாற்று நடுகிற பாட்டு, ஒப்பாரி. மெட்டெல்லாம் பழையது. சொற்கள் சண்டைக்காலத்தில் மாறியவை. யார் மாற்றியது என்று கேட்டால் ஒருத்தியும் “நான்” என்று சொல்லமாட்டாள். எட்டுப் பாட்டைத் தெரிந்தெடுத்துக் கசற்றாகப் போடுகிறோம். எட்டும் சண்டை வேண்டாம் என்கிற பாட்டுகள். பங்குத்தந்தை கோயில் மண்டபத்தைத் தருகிறார். வெளியீடு ஒக்ரோபர் ஒன்பது.

அறையில் நாலே பேர். பூரணம், அல்பிரட், நான், மத்தளம் அடிக்கிற சூசைதாசன். சூசைதாசன் மன்னார்ப் பக்கத்து ஆள், கூத்துக்கு அடித்தவர். இரண்டு வருசம் உள்ளே இருந்துவிட்டு வழக்கு ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தவர். வழக்கில்லாமல் ஏன் பிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வழக்கில்லாமல் ஏன் விட்டார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்று பாட்டு நடக்கும்போது அவர் ஒரு சிகரெட் மட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்ததைக் கண்டேன்.

செப்ரெம்பர் 7, புதன்

கிளினிக். பத்தொன்பது பிள்ளைகள். இரண்டு பேருக்கு நிறை குறைந்திருக்கிறது.

ஒரு தாய், கைக்குழந்தையை நிறுத்து முடிந்த பிறகு மெல்லக் கேட்டாள்: “மிஸ்ஸி, மூத்தவனின்ர பழைய அட்டையில வயசு ரெண்டு குறையிற மாதிரி எழுதித் தருவீங்களோ?” மூத்தவனுக்குப் பதினாறு. தெருவில் ஆட்கள் மறுபடி காணாமற்போகிறார்கள். சண்டை நின்று மூன்றரை வருசம் என்கிறார்கள். நின்றதா, மூச்சு வாங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதிக் கொடுக்கவில்லை. என்னைச் சோதிக்க அவளை யாராவது அனுப்பியிருந்தால்?

வீட்டுக்கு வர இவர் கேற்றடியில் நின்றார். இவர் என்றால் என் கணவர் தணிகாசலம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மகள் கௌசிகா ரியூசன் முடிந்து வர ஆறு நிமிசம் பிந்திவிட்டாளாம். ஆனி மாதத்திலிருந்து இவர் இப்படித்தான் நிமிசம் எண்ணுகிறார். அவளுக்குப் பதினேழு.

செப்ரெம்பர் 9, வெள்ளி

கிணறு கீழே போய்விட்டது. குடத்துக்கு இரண்டு முழக் கயிறு கூடத் தேவைப்படுகிறது.

செப்ரெம்பர் 11, ஞாயிறு

இன்றைக்கு “வளராதே” தாலாட்டு. இதற்காகத்தான் இவ்வளவு பாடும். பிறகு மறந்துவிடக்கூடாது என்று, பூரணம் பாடியபடியே மூன்று கண்ணியையும் இதில் எழுதி வைக்கிறேன்.

ஆராரோ ஆரிவரோ
அன்னமே கண்ணுறங்கு
நிலைதட்டும் உயரம்வரை
நீவளர வேண்டாமே

வளர்ந்தபிள்ளை இருக்குதோண்டு
வாசலிலே கேட்டுவந்தால்
தொட்டிலிலே கிடக்குதெண்டு
சொல்லிவைப்பேன் கண்ணுறங்கு

இந்தப்பக்கம் துவக்குமொண்டு
அந்தப்பக்கம் துவக்குமொண்டு
இரண்டுக்கும் நடுவிலே – என்
இடுப்பிலே நீயுறங்கு

முதலிரண்டும் நான் முகாமில் கேட்டவை. துப்பாக்கி வருகிற மூன்றாவதை இன்றுதான் முதன்முறை கேட்டேன். சூசைதாசன் அடிப்பதை நிறுத்திவிட்டார். அல்பிரட் மெசினைப் பார்த்தபடி, “இது ரெண்டு பக்கத்துக்கும் பிடிக்காது” என்றார்.

“எனக்கு ஒரு பிள்ளை அங்க போய் முடிஞ்சது. மற்றது இஞ்ச பிடிபட்டு, இருக்கோ இல்லையோ தெரியாது,” என்றாள் பூரணம். “நான் எந்தப் பக்கத்தை விட்டிட்டுப் பாட?”

கசற் வரும்வரை மூன்றாம் கண்ணி வெளியே போகக்கூடாது என்று நாலு பேரும் பேசிக்கொண்டோம். நான் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. சூசைதாசன் இன்றும் சிகரெட் மட்டையில் எழுதினார்.

இந்தக் குறிப்புக் கொப்பியை வழமைபோல அலுமாரியில், கிளினிக் பதிவேடுகளுக்கு அடியில் வைக்கிறேன்.

செப்ரெம்பர் 14, புதன்

அல்பிரட் மத்தியானம் கிளினிக்குக்கே வந்துவிட்டார். நல்ல வெயில். சைக்கிளை மதிலில் சாத்தக்கூட இல்லை, அப்படியே விழ விட்டார்.

காலையில் கடைக்கு ஒருவன் வந்தானாம். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. தங்கைக்குக் கலியாணம், வீடியோவுக்கு என்ன மாதிரி என்று விசாரித்திருக்கிறான். அல்பமெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறான். போகும்போது வாசலில் நின்று, “இந்தப்பக்கம் துவக்குமொண்டு அந்தப்பக்கம் துவக்குமொண்டு… நல்ல பாட்டு என்ன, அண்ணை?” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தானாம்.

“எந்தப் பக்கத்து ஆள்?” என்று கேட்டேன்.

“நெத்தியில எழுதியிருக்கே மிஸ்ஸி? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மோட்டச்சைக்கிள்தான் ஓடுறாங்கள்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்கள் வீட்டில பாடேல்லத்தானே?”

“இல்லை.”

“நானும் மனிசிக்குச் சொல்லேல்ல. பூரணம் முகாமை விட்டு வெளிய போறதில்லை.”

நாலாவது ஆளின் பெயரை இருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது எங்களுக்கு நடுவில் நின்றது.

செப்ரெம்பர் 15, வியாழன்

இவரிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

“உள்ளுக்க இருந்து வந்தவனைச் சும்மா விடுவாங்களே? ஏதாவது வேலை குடுத்துத்தான் விட்டிருப்பாங்கள். சிகரெட் மட்டையில எழுதுறவனை ஏன் இவ்வளவு நாள் வைச்சிருக்கிறீர்?”

சிகரெட் மட்டையைப் பற்றி நான் இவரிடம் சொல்லியிருந்தேனா? சொல்லியிருப்பேன். சாப்பிடும்போது ஏதாவது சொல்லியிருப்பேன்.

செப்ரெம்பர் 18, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பூரணம் வருவதற்கு முன், அல்பிரட்டையும் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“சூசைதாசன், நீங்கள் உந்த மட்டையில என்ன எழுதுறியள்?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்தாறு மட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். தகதிமி, தகிட என்று அடிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் எத்தனை, எங்கே நிறுத்துவது, எங்கே விரலால் மட்டும் தட்டுவது. பாட்டின் சொல் ஒன்றுகூட இல்லை.

“எனக்கு ஞாபகம் நிக்கிறேல்ல மிஸ்ஸி. உள்ளுக்க தலையில அடிச்சவை.”

நான் மட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். அடிகள்தான். ஆனால் அடிகளை இப்படி எழுதுவார்களா? கூத்துக்காரர்கள் எழுதி வைத்து அடித்து நான் கண்டதில்லை. வேண்டுமென்றே எடுத்துக்காட்டத் தயாராக வைத்திருந்தார் என்றும் நினைக்கலாம்.

“கொஞ்சநாளைக்கு நீங்கள் வரவேண்டாம்” என்று சொன்னேன்.

எழும்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “சந்தேகப்பட்டவன் எண்ட பேர் எனக்கு முந்தியும் ஒருக்கா வைச்சவை. அவை வைச்சதுக்கு ரெண்டு வருசம். நீங்கள் வைக்கிறதுக்கு எவ்வளவெண்டு தெரியேல்ல.”

அவர் மனைவி மெற்றில்டாவுக்கு எட்டாம் மாதம். என் பதிவில்தான் இருக்கிறாள். அதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை என்று எழுத விரும்பினேன். யோசித்தேன்.

செப்ரெம்பர் 20, செவ்வாய்

இவர் விளைமீன் வாங்கி வந்தார். தானே வெட்டினார். கௌசிகாவை இனித் தனியே சைக்கிளில் ரியூசனுக்குப் போகலாம் என்றுவிட்டார்.

“அப்பாக்கு என்ன நடந்தது?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

நேற்று எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஆள் விபரம் எடுத்தார்களாம். பக்கத்து வீட்டில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார்களாம். எங்கள் கேற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். இவர் வீட்டில் இருந்தாராம்.

“ஏன் எங்கட வீட்டுக்கு வரேல்ல?” என்று இவரைக் கேட்டேன்.

“வேலை முடிஞ்சிருக்கும். மீனைச் சாப்பிடும்” என்றார்.

சாப்பிட்டேன். உப்பு அளவாக இருந்தது.

செப்ரெம்பர் 22, வியாழன்

சூசைதாசனின் கேற்றில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய பெயர், பக்கத்தில் காட்டிக்கொடுக்கிறவர்களுக்கு வைக்கிற ஒரு சொல். அந்தச் சொல்லை ஒருவன் மேல் ஒட்டினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேத்தண்ணிக் கடையில் அவருக்குக் கிளாஸ் வைக்கவில்லையாம். விடிய முதல் பஸ்சில் மன்னாருக்குப் போய்விட்டார். எங்கே தங்கியிருக்கிறார் என்று மனைவிக்கும் சொல்லவில்லை.

நான் அல்பிரட்டிடம் மட்டும்தான் கதைத்தேன். கிளினிக்கில் உதவிக்கு நிற்கும் பெண் கேட்டபோது, “ஒருவரை நிப்பாட்டிப்போட்டம், காரணம் இருக்கு” என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. நாலு பேரில் யார் நின்றுபோனது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் பெயர் நான் சொல்லவில்லை.

மெற்றில்டாவைப் பார்க்கப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

“இரத்த அழுத்தம் பாக்கவேணும், பிள்ளை.”

“வேண்டாம் மிஸ்ஸி. நீங்கள் பாத்த வரைக்கும் போதும்.”

கதவு சாத்திக்கொண்டது.

செப்ரெம்பர் 24, சனி

எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டன. கடைசி இரண்டும் மத்தளம் இல்லாமல். பூரணம் தொடையில் தட்டிப் பாடினாள். “அந்தத் தம்பி செய்திருக்கமாட்டான்” என்று மட்டும் சொன்னாள். எதை வைத்துச் சொல்கிறாள்? ஒன்றையும் வைத்தல்ல. அவளுக்கு எல்லாரும் தம்பிதான்.

மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லை. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது தாலாட்டு மெட்டில் எனக்கே நாலு அடி வந்தது. வாழ்நாளில் நான் ஒரு வரி கட்டியதில்லை. வெட்கமாக இருக்கிறது. வாய்விட்டுப் பாடவில்லை. யாருக்கும் சொல்லப்போவதும் இல்லை. மறந்துபோகாமல் இதில் மட்டும்.

துவக்குக்கும் ஓர் தாயுண்டோ
தூங்கவைக்கப் பாட்டுண்டோ
இருந்தால் அவளையிங்கே
என்னோடு அழச்சொல்லு

செப்ரெம்பர் 27, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் குளக்கட்டில் ஒருவன் என் சைக்கிளை மறித்தான். மடிப்புக் கலையாத சட்டை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்று கதைத்தான். மரியாதையான பிள்ளை. அதுதான் பயம்.

“அக்கா, ஒரு அஞ்சு நிமிசம். கசற் வெளியிடுறது நல்ல விசயம். சனத்தின்ர பாட்டு வரத்தானே வேணும். ஆனா அந்த மூண்டாம் கண்ணி வேண்டாம். எடுத்துவிடுங்கோ.”

“அது நான் பாடுற பாட்டில்லை. சனம் பாடுறது.”

“தெரியும். அதோட, புதுசா ஒண்டும் சேர்க்கவும் வேண்டாம்.” சிரித்தான். “‘துவக்குக்கும் ஓர் தாயுண்டோ…’ நல்லாத்தான் கட்டியிருக்கிறியள். நீங்கள் படிச்ச ஆள்தானே. ஆனா வேண்டாம்.”

அவன் போன பிறகும் நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். இன்றைக்கு ஏழு வீடு போகவேண்டும். மூன்றுக்குத்தான் போனேன்.

தோய்க்கும்போது முணுமுணுத்திருப்பேன். மதிலுக்கு அந்தப்பக்கம் ஆராவது நின்றிருக்கலாம். சைக்கிளில் போகும்போது என்னை அறியாமல் பாடியிருக்கலாம். நித்திரையில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அலுமாரியில் பூட்டு இல்லை.

செப்ரெம்பர் 28, புதன்

கிளினிக். பதினெட்டுப் பிள்ளைகள். இன்று எழுத ஒன்றும் இல்லை.

செப்ரெம்பர் 29, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதினேன். இன்று காலை பிளேன்ரீக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இவர் கேட்டார்: “என்ன, ரெண்டு நாளா உம்மட முகம் சரியில்லை. ஒண்டும் எழுதவும் இல்லைப் போல.”

செப்ரெம்பர் 30, வெள்ளி

கௌசிகா பள்ளிக்கூடம் போன பிறகு, அரைநாள் லீவு போட்டுவிட்டு, குசினிக்குள் இவருக்கு முன்னால் போய் நின்றேன். கொப்பியை மேசையில் வைத்தேன்.

“எப்ப இருந்து வாசிக்கிறியள்?”

இவர் கொப்பியைப் பார்க்கவில்லை. அடுப்பைத் தணித்தார். கதிரையை இழுத்து இருந்தார். ஒரு கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன கதை சொல்லியிருப்பாரோ தெரியாது. இன்று சொன்னார்.

“ஆனியில ரெண்டு பேர் சங்கக்கடைக்கு வந்தவை. உம்மட பேரை முதல்ல சொல்லேல்ல. கௌசியின்ர பேரைச் சொன்னவை. பிறந்த திகதியோட. எத்தினை மணிக்கு ரியூசன், எந்த ஒழுங்கையால வாறாள், எல்லாம். பிறகுதான் உம்மட பாட்டுக் கதை வந்தது. என்ன பாட்டு, ஆர் சொல்லித் தாறது, என்ன வருகுது எண்டு அப்பப்ப சொன்னாப் போதும், பிள்ளையின்ர பேர் எந்த லிஸ்ரிலும் வராது எண்டவை.”

“ஆர் அவை?”

“கேக்கக்கூடிய ஆக்கள் இல்லை.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீர் பாட்டை விட்டிருப்பீரோ?”

விட்டிருப்பேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். உண்மையா என்று தெரியாதபடியால் சொல்லவில்லை.

“பிள்ளையைக் கேட்டாங்கள், பாட்டைக் குடுத்தன்,” என்றார். “வெறும் பாட்டுத்தானே எண்டு நினைச்சன், மங்களம்.”

அவர் அழுது நான் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன், அவருடைய தாய் செத்தபோது. இது இரண்டாவது. எனக்கு இரக்கம் வந்தது. அதன் மேல் கோபம் வந்தது. “அப்ப சூசைதாசன்? அந்த மனுசனைப் பிடிச்சுக் குடுத்தியளே!” என்று கத்தினேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சூசையின்ர பேரை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல. எனக்குத் தெரிஞ்சது, உம்மட கொப்பியில நீர் எழுதினது. ஊருக்குத் தெரிஞ்சது, நீர் சொன்னது.”

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இருவரும் எழும்பவில்லை.

ஒக்ரோபர் 2, ஞாயிறு

இனி இந்தக் கொப்பியை வாசிக்க எனக்குத் தெரியாமல் ஒருவரும் இல்லை. ஆகவே உள்ளதை எழுதலாம்.

முதல் நாளே எனக்குச் சூசைதாசன் மேல் சந்தேகம். அவர் ஒன்றும் செய்ய முதலே. வழக்கில்லாமல் வெளியே வந்தவர் என்று நாலாம் திகதி எழுதியிருக்கிறேன். மட்டையைக் காட்டியும் நம்பவில்லை. சமையலறையில் நின்று தேங்காய் துருவுகிறவர் மேல் வராத சந்தேகம், மத்தளம் அடிக்கிறவர் மேல் வந்தது. இருபதாம் திகதி நான் மீனில் உப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும் இருக்கலாம்.

ஒக்ரோபர் 5, புதன்

பூரணத்திடம் குளக்கட்டு ஆளைப் பற்றி முழுவதும் சொன்னேன். மூன்றாம் கண்ணியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அதை எடுத்தா மிச்சத்தை என்னத்துக்குப் பாடுவான்? என்னட்ட எடுக்க இனி என்ன கிடக்கு மிஸ்ஸி? உங்களுக்குப் பிள்ளை இருக்கு. நீங்கள் யோசியுங்கோ.”

அல்பிரட்டும் தன் பங்குக்கு யோசித்துப் பார்த்தார். பிறகு, “இருநூறு கசற்றும் அடிச்சாச்சு. திருப்பி அடிக்க என்னால ஏலாது” என்றார். அது காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கௌசிகாவைக் கொழும்பில் என் தங்கை வீட்டுக்கு அனுப்புவது என்று இவரும் நானும் முடிவெடுத்தோம். சோதனையை அங்கேயே எழுதலாம். இவரும் கூடப் போய் அங்கேயே நிற்கவேண்டும் என்று சொன்னேன்.

“நீர்?”

“எனக்கு இஞ்ச நாப்பது கர்ப்பவதியள் பதிவில இருக்கினம்.”

“மண்டபத்தில என்ன சொல்லப்போறீர்?”

சொன்னேன். “அது பொய்யெல்லோ” என்றார். பாதிதான் பொய் என்றேன்.

ஒக்ரோபர் 8, சனி

காலை ரயில். கௌசிகாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரயில் அசையும்போது, “அம்மா, அந்தக் கசற்றில ஒண்டு எனக்கு எடுத்து வையுங்கோ” என்றாள். இவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். கோபம் போகவில்லை. கை காட்டினேன்.

ஒக்ரோபர் 9, ஞாயிறு

மண்டபத்தில் எண்பது பேர் மட்டில். பெரும்பாலும் பெண்கள். பின் கதவருகே மூன்று ஆண்கள் நின்றார்கள். மடிப்புக் கலையாத சட்டைக்காரனும் அவர்களில் ஒருவன்.

பங்குத்தந்தை பேசி முடித்ததும் நான் எழும்பினேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“கசற்றை வெளியிட முதல் ஒரு விசயம் சொல்லவேணும். இந்தப் பாட்டுகளின்ர சொல்லு வெளிய வர முதலே சிலரின்ர கைக்குப் போனது. அது சூசைதாசனால எண்டு ஊர் கதைச்சது. அது பிழை. அவர் ஆருக்கும் ஒரு சொல்லும் குடுக்கேல்ல. அவர்ல முதல் முதல் சந்தேகப்பட்டது நான். அதை வாய்விட்டுச் சொன்னதும் நான். சொல்லுகள் போனது என்ர வீட்டால. எழுதினது என்ர கை. இனி ஆரும் கேக்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ.”

முன் வரிசையில் ஒருத்தி, நான் இரண்டு பிள்ளைப்பேறு பார்த்தவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாள். பின்னாலே ஐந்தாறு பேர். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் திட்டுவார்கள் என்று நினைத்து அதற்குத் தயாராகப் போயிருந்தேன்.

பூரணம் ஒருவரும் கூப்பிடாமலே மேடைக்கு வந்து நின்று “வளராதே”யைத் தொடங்கினாள். மூன்றாம் கண்ணிக்கு வரும்போது பின் கதவைப் பார்த்தபடிதான் பாடினாள். இருந்தவர்களில் சிலர் கூடப் பாடினார்கள். அந்தக் கண்ணி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 12, புதன்

கிளினிக். நாலு பிள்ளைகள்.

தராசைத் துடைத்து வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி வரை இருந்தேன். உதவிக்கு நிற்கும் பெண் மற்ற அறையிலேயே இருந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது குளக்கட்டில் அவன் நின்றான். மறிக்கவில்லை. நானே இறங்கினேன்.

“பிள்ளையை அனுப்பிப்போட்டியள் போல, அக்கா.”

“ஓம்.”

“அன்றைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நீங்கள் ஒண்டும் தரேல்லையே.”

அவன் குளத்தைப் பார்த்தான். “கசற் எங்கட வீட்டிலயும் பாடுது” என்றான். பாராட்டா, புகாரா, பயமுறுத்தலா, எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது போலத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒக்ரோபர் 14, வெள்ளி

எங்கள் கேற்றில் யாரும் தாள் எதுவும் ஒட்டவில்லை. ஐந்து நாளாகக் காலையில் எழும்பி முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

இவர் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். கௌசிகாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டதாம். “சாப்பிட்டீரோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். இருவரும் உடனே வைக்கவில்லை.

ஒக்ரோபர் 17, திங்கள்

பின்னேரம் நாலு மணிக்குக் கேற்றில் சைக்கிள் மணி. சூசைதாசன். மெலிந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கேற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“நேற்றுத்தான் வந்தனான். மண்டபத்தில நீங்கள் சொன்னதை அல்பிரட் அண்ணை சொன்னவர்.”

“என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை” என்றேன்.

“கேக்காதேங்கோ. இப்ப கேட்டா நான் இல்லை எண்டுதான் சொல்லுவன்.” சைக்கிள் மணியைப் பெருவிரலால் தடவினார். “ஆனா நீங்கள் சொன்னது முழு உண்மை இல்லை மிஸ்ஸி. நீங்கள் குடுத்திருந்தால் அன்றைக்கு அப்பிடி என்னைப் பாத்திருக்கமாட்டீங்கள். குடுத்தவனின்ர கண் எனக்குத் தெரியும். உள்ளுக்க நிறையப் பாத்தனான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது. இவ்வளவு செய்த பிறகு இந்த மனுசனுக்காவது உண்மையைச் சொல்லவேண்டாமா? “அது ஆர் எண்டால்…” என்று தொடங்கினேன்.

அவர் கையை நீட்டி மறித்தார்.

“வேண்டாம். எனக்கு ஆர்ர பேரும் வேண்டாம். ஒரு பேரைக் கேட்டா அதைத் தூக்கிக்கொண்டு திரியவேணும். பிறகு எங்கையோ ஒரு நாள் இறக்கி வைக்கவேணும். நான் எங்க இறக்கி வைப்பன்?”

ஒழுங்கையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள்.

“மெற்றில்டாவுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு,” என்றார். “முந்தநாள் தொடங்கித் தலையிடி எண்டுறாள். கண்ணுக்க பூச்சி பறக்குதாம். நீங்கள் வேண்டாம் எண்டுதான் சொல்லுறாள். எனக்கு வேற ஆரையும் தெரியாது.”

நான் உள்ளே ஓடிப் பையை எடுத்துச் சைக்கிளில் ஏறினேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டதுகூட ஒழுங்கை முடியத்தான் தெரிந்தது. அவளுக்கு இரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து இருந்தது. அரை மணித்தியாலத்தில் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம். நேரத்துக்கு வந்தது நல்லது என்று டொக்டர் சொன்னார். அவள் என்னோடு கதைக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது விழாமல் இருக்க என் தோளைப் பிடித்தாள்.

ஆனால் நான் எழுத நினைத்தது அதை இல்லை. அவருடைய வீட்டுக்குப் போன வழியை. சந்தை ரோட்டால் போகாமல் பின் ஒழுங்கையால் போகலாம் என்று சொன்னேன். என்னோடு அவரைக் கண்டால் மறுபடி அவருக்குத்தான் கதை வரும் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. சந்தை ரோட்டாலேயே விட்டார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், மீன்காரர், பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் மனைவி அந்த நிலைமையில் கிடக்க, ஆள் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வந்தபோது மட்டும் வேகத்தைக் குறைத்து, நான் பக்கத்தில் வந்து சேரும்வரை பார்த்து நின்று, என்னோடு சேர்ந்து ஓட்டினார்.